பலகையா, செங்கல்லா? குன்னூர்ப் பக்கம் பந்தயப் புறாவுக்குக் கூண்டு

சமவெளியில் மொட்டைமாடியில் பார்த்த புறாக்கூண்டை அப்படியே குன்னூரிலோ கோத்தகிரியிலோ எழுப்பினால் சரிப்படாது. அங்கே தொல்லை வெயில், இங்கே ஈரம். எல்லோரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். இறகு உலர்ந்திருந்தால் உறைபனி இரவைக்கூடப் புறா தாங்கிவிடும். நனைந்த எச்சம், பூஞ்சணம் பிடித்த தானியம், அடைந்துபோன காற்று, இவைதான் நோயைக் கொண்டுவரும்.

செங்கல் கூண்டுக்குச் சாதகமாக நிறையச் சொல்லலாம். எலி எளிதில் துளைக்காது, மரநாய் பெயர்க்காது, காட்டுமாடு உரசினாலும் அசையாது. வீட்டோடு சாய்ப்பு இறக்கினால் ஒரு சுவர்ச் செலவும் மிச்சம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரில் ஏறும் ஓதம் லேசில் இறங்காது. சிமெண்டுத் தரையில் எச்சம் காயாமல் சேறாகிக் கிடக்கும். மலையில் செங்கல் அடுக்கத் தொடங்கினாலே அனுமதி கேள்வி வேறு வரும்.

என் ஓட்டு பலகைக்கு. தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. மண்ணில் பட்டால் சீக்கிரம் உளுத்துவிடும் மரம் அது. ஆகவே கால்களைக் கான்கிரீட் கட்டைமேல் நிறுத்தி, கூண்டை மூன்றடியாவது தூக்கிக் கட்ட வேண்டும். எலி ஏறாமல் காலைச் சுற்றித் தகரப் பட்டை. சன்னலுக்குக் கோழிவலை போதாது, மரநாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, அடிப்பதுதான் நல்லது. காட்டுமாட்டுக்குப் பலகையிடம் பதில் இல்லை, வேலிதான் போட வேண்டும்.

தரைக்கு, புறா நடமாடும் பகுதியில் கம்பிவலை: எச்சம் கீழே விழுந்துவிடும். அடைகாக்கும் அறையில் பலகைதான். பதினேழு, பதினெட்டு நாள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அடியிலிருந்து வாடைக்காற்று அடிக்கக்கூடாது. கூட்டுக்கு மண்சட்டியே போதும்.

கூரைக்குத் தகரம் போடுவதானால் உள்ளே பலகை ஒட்டுங்கள். இல்லையென்றால் விடிகாலையில் தகரத்தின் அடிப்புறம் நீர் கோத்துப் புறாமேல் சொட்டும். வீட்டுப் பரணைக் கூண்டாக்கும் யோசனை வேண்டாம். புறாத்தூசி நம் நுரையீரலுக்கு ஆகாது.

திசைதான் தலைவலி. காலை வெயிலுக்காகக் கிழக்குமுகம் என்பார்கள். குன்னூருக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம், சாரல் நேராக முகத்தில் அடிக்கும். தென்கிழக்காகத் திருப்பி, இறவாணத்தை இரண்டடி நீட்டி, மழைக்கு இறக்க ஒரு தார்ப்பாயும் கட்டிவிட்டால் இரண்டுக்கும் ஒத்துவரும். அந்தப் பக்கமே புறா இறங்கும் பலகையும், உள்பக்கமாக மட்டும் திறக்கும் தொங்குகம்பிக் கதவும் இருக்கட்டும். தீவன மூட்டையைக் கூண்டில் வைக்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் கரடி வாசம் பிடித்து வந்துவிடும், அதற்குப் பலகையும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான்.

கூண்டு தயாரானதும் பெரிய புறாவை வாங்கிவராதீர்கள். வாசல் திறந்த அன்றே, மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலுள்ள பர்லியார் தாண்டிப் பழைய வீட்டுக்குப் போய்விடும். பறந்து பழகாத, ஒரு மாதத்துக் குஞ்சுகளாகக் கேட்டு வாங்கி, முன்பக்க வலையடைப்பிலிருந்து அக்கம்பக்கத்தைப் பார்க்க விட்டு, மூடுபனி இல்லாத நாளில், இரை போடும் நேரத்துக்குச் சற்று முன் திறந்துவிடுங்கள்.