அட்டைல ஒண்ணு, கொடில ஒண்ணு: அலங்கார சுரை விதை பாக்கெட், 5க்கு 2

ஆடிப்பட்டத்துக்கு மாடில புதுசா ஏதாவது போடலாம்னு ஆன்லைன்ல அலங்கார சுரை மிக்ஸ் ஒரு பாக்கெட் வாங்கினேன். கடை பேர் வேணாம் விடுங்க. 12 விதை 150 ரூபா, கூரியர் 60. அட்டைல மஞ்சளும் பச்சையுமா வரி போட்டு மேலெல்லாம் பரு பருவா குட்டிக் காய்ங்க, அத பாத்துதான் ஏமாந்தேன்.

பாக்கெட்ட பிரிச்சதுமே சப்புனு ஆயிடுச்சு. அட்டைல இருக்கறது பூசணி சாதிங்க, அதோட விதை வெளுப்பா தட்டையா இருக்கும், மஞ்சப் பூ காலைல பூக்கும். உள்ள இருந்ததெல்லாம் பழுப்பு கலர்ல தோள் வச்ச மாதிரி, சாட்சாத் சுரை விதை. சரி குடுவை சுரையாவது வரட்டும், காய வச்சு பெயின்ட் பண்ணலாம்னு மனச தேத்திக்கிட்டேன்.

ராத்திரி ஊற வச்சு, நகவெட்டியால ஓரத்த லேசா கிள்ளிட்டு போட்டேன், 7 முளைச்சுது. அது குறை சொல்ற அளவுக்கு இல்ல. மூணு கன்னுங்கள சிவப்பு வண்டு சல்லடையாக்கிடுச்சு, அதுக்கு கடைக்காரர என்ன சொல்ல. மிச்சம் 4 கொடி, 18 இன்ச் பைல செம்மண், கோகோபீட், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. 3ஜி கட்டிங், அதாவது கொடி நுனியையும் அப்புறம் வர்ற கிளை நுனியையும் கிள்ளி விடறது, அத பண்ணாம விட்டா ஆண் பூவா கொட்டிட்டே இருக்கும், நுனிய கிள்ளினதுக்கப்புறம்தான் பக்கக் கிளைல பொண்ணு பூ வந்துச்சு.

அங்கதான் குட்டு உடைஞ்சுது. சுரைல பொண்ணு பூவுக்கு கீழ இருக்கற விரல் சைஸ் பிஞ்ச பாத்தாலே காய் ஷேப் தெரிஞ்சிடும். ஒண்ணுல மட்டும் நடுவுல இடுப்பு சிறுத்து ஜோரா குடுவை. ரெண்டு கொடில சும்மா நீட்டு சுரை, நம்ம சந்தைல விக்கறதேதான். நாலாவது ரெண்டுங்கெட்டான், இடுப்பு இருக்கா இல்லையான்னு எங்க வீட்ல பட்டிமன்றமே நடந்துச்சு. விதைக்கு விடற இடத்துல எல்லா ரகத்தையும் பக்கத்து பக்கத்துல விட்டா மகரந்தம் கலந்து இப்படித்தான் ஆகும். கடைக்கு போட்டோ அனுப்பினா "இயற்கைங்க, அப்படித்தான் வரும்"னு பதில், பணம் பத்தி பேச்சே இல்ல.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க, இந்த அட்டைச் சுரைக்காய் கறிக்கு மட்டும்தான் உதவிச்சு. அத்தை நீட்டு சுரைய கூட்டு வச்சாங்க. அதுக்கு முன்னாடி பச்சையா ஒரு துணுக்கு நாக்குல வச்சு பாத்துட்டேன், அலங்கார ரகம் கலந்த சுரை கசந்துச்சுன்னா துப்பிட்டு முழுசையும் தூக்கி போட்டுடணும், வெளாட்டு இல்ல, விஷம் அது.

அந்த ஒரே குடுவைக்காக பட்ட பாடு தனி. வெள்ளைப் பூ சாயங்காலம்தான் விரியும், மூணாவது மாடிக்கு எந்த அந்துப்பூச்சி வரப்போவுது, ஏழு மணிக்கு டார்ச்ச வாய்ல கவ்விக்கிட்டு நானே ஆண் பூவ பிச்சு தடவினேன். காய் கனம் ஏறினதும் வெங்காய வலைப்பைல போட்டு பந்தல்ல கட்டினேன். ஐப்பசி மழைல அழுகிடுமோன்னு பயந்து தினம் போய் காம்ப பாக்கறது. காம்பு காஞ்சப்புறம் அறுத்து நிழல்ல தொங்க விட்டா கருப்பா பூஞ்சை, பதறிட்டேன், ஆனா அது மேல்தோல்ல மட்டும்தான், ஊற வச்சு ஸ்கிரப்பரால தேச்சா உள்ள வெளிர் மரக்கலர். பங்குனில ஒரு நாள் கைல எடுத்தா காத்து கணக்கா இருக்கு, ஆட்டினா விதை கலகலங்குது. அந்த சத்தத்துக்காகத்தான் 2 ஸ்டார்.

உள்ள விதை நெறைய இருக்கு, கேட்டா தரேன், ஆனா என்ன காய்க்கும்னு கேக்காதீங்க. அன்னிக்கு சாயங்காலம் குடுவைக் கொடில ஒரு ஆண் பூ கூட இல்ல, நீட்டு சுரைப் பூவதான் பிச்சு தடவினேன்.