இல்லாத குரலும் இருக்கும் குரலும்: 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ'வுடன் 15 ஆண்டுகள்

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆலிஸ் இன் செயின்ஸின் 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ' ஆல்பம் 2009 செப்டம்பரில் வெளிவந்தது. வாங்கிய முதல் சில மாதங்கள் நான் அதில் தேடியதெல்லாம் இல்லாத ஒருவரின் குரலைத்தான். குழுவின் பாடகர் லெய்ன் ஸ்டேலி 2002 ஏப்ரலில் போதைப்பொருளுக்குப் பலியானார். அவர் பாடிய கடைசி முழு ஸ்டுடியோ ஆல்பம் வந்தது 1995இல். 14 ஆண்டுகள் கழித்து வந்த இந்த ஆல்பத்தில் வில்லியம் டுவால் என்ற புதுப் பாடகரின் பெயரைக் கண்டதுமே என் மனம் முரண்டு பிடித்தது.

'செக் மை பிரெயின்' ஓடத் தொடங்கியபோது குறுந்தகடு பழுது என்றே நினைத்தேன். கிட்டாரின் சுருதி வழுக்கிக்கொண்டே போனது. தகட்டை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி போட்டேன். அதே வழுக்கல். குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கேன்ட்ரெல் தந்தியை வேண்டுமென்றே வளைத்து வளைத்து வாசிக்கிறார் என்று புரிய இரண்டு நாளானது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்வரம் அசைவது புதிதல்ல. ஆனால் கமகத்தில் அசைவு எங்கோ போய் அமரும். இது அமரவே மறுக்கிறது. கப்பல் பயணத்தில் தலை சுற்றுவதுபோன்ற அந்த உணர்வு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் துளியும் குறையவில்லை.

என் பிடிவாதம் தளர்ந்தது பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டபோதுதான். இக்குழுவின் அடையாளம் ஒற்றைக் குரல் அல்ல. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று உரசியபடி சேர்ந்து நகர்வது. அவற்றில் ஒன்று எப்போதும் கேன்ட்ரெலுடையது. புதிய ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களை அவரே முன்னின்று பாடுகிறார். டுவால் அவர் குரலோடு தன் குரலைப் பின்னுகிறார். ஸ்டேலியைப்போல் பாடிக்காட்ட அவர் எங்கும் முயலவில்லை. அந்த அடக்கத்தின் மதிப்பு எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. 'லாஸ்ட் ஆஃப் மை கைண்ட்' பாடலில் மட்டும் முழு வீச்சில் முன்னே வருகிறார். இப்போது அந்தக் குரலை அந்தக் குரலாகவே கேட்கிறேன்.

டிரம்ஸில் ஷான் கின்னி, பேஸ் கிட்டாரில் மைக் ஐனெஸ். இருவரும் பழையவர்கள், அஸ்திவாரம் அசையவில்லை.

ஏறக்குறைய ஏழு நிமிடம் நீளும் 'ஆசிட் பபிள்' முதலில் இழுவையாகத் தோன்றியது. இன்று நான் அதிகம் கேட்பது அதைத்தான். 'டேக் ஹெர் அவுட்' என்னிடம் தங்கவில்லை. குறை ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும்: ஒலி அளவுக்குமீறி இறுக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்தில் நிற்பதால், ஹெட்ஃபோனில் அரைமணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது. சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் கேட்பதே நல்லது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு செய்தியைப் படித்தேன். ஸ்டேலி இறந்த பின் எஞ்சியவர்கள் ஒன்றாக மேடையேறியது 2005 பிப்ரவரியில், சியாட்டில் நகரில், சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சியில். ஸ்டேலியின் இடத்தில் விருந்தினர்கள் பாடினார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கடற்கரையில் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எங்கோ இருந்த மூன்று பேர் மீண்டும் கருவியைத் தூக்கிய தருணத்தில் எங்கள் இழவும் இருந்தது என்று தெரிந்த அன்று, இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து மறுபடி கேட்டேன். 'ஆல் சீக்ரெட்ஸ் நோன்' தொடங்கும் முதல் சொல்லே நம்பிக்கை. அதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

இதே நால்வர் 2013இலும் 2018இலும் மேலும் இரண்டு ஆல்பங்கள் தந்தார்கள். இரண்டும் நன்று. ஆனாலும் நான் திரும்பி வருவது இதற்குத்தான், குறிப்பாக ஆல்பத்தின் பெயரையே தாங்கிய கடைசிப் பாட்டுக்கு. மூன்றே நிமிடம். எல்டன் ஜான் பியானோ வாசிக்கிறார். கேன்ட்ரெல் குரலை உயர்த்தாமல் தன் நண்பன் ஸ்டேலியை வழியனுப்புகிறார். அது முடிந்த பிறகு வேறெதையும் நான் உடனே போடுவதில்லை.