சிபாப் மெஷினின் தண்ணீர்த் தொட்டி: காற்றுக்கு நல்ல மார்க், தொட்டிக்கு பாஸ் மார்க்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் வாங்கியவர்கள் முக்கால்வாசி பேர் மாஸ்க்கைத்தான் திட்டுவார்கள். என் புகார் அந்தக் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டி மேல். அது வேண்டுமா என்றால் கண்டிப்பாக வேண்டும், ராத்திரி முழுக்க வறண்ட காற்று அடித்தால் தொண்டை காய்ந்து மூக்கும் அடைத்துக்கொள்ளும். அந்த வேலையை என் மெஷின் நன்றாகவே செய்கிறது. தொட்டியின் மூடியையும் வாஷரையும் செய்தவர்தான் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டார். கம்பெனி பெயர் வேண்டாம், கழற்றி மாட்டும் தொட்டி உள்ள பல மெஷின்களில் கதை இதேதான்.

மேஜை ஈரமாக இருந்தால் உடனே புதுத் தொட்டி வாங்க ஓடாதீர்கள். மேக்ஸ் கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, காய்ந்த டிஷ்யூ பேப்பர் மேல் கொஞ்ச நேரம் வையுங்கள். பேப்பர் நனைந்தால் அடியில் இருக்கும் உலோகத் தகடும் ப்ளாஸ்டிக்கும் சேரும் இடம் விட்டுப்போயிருக்கலாம். அதை ஒட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம், அந்தப் பசையின் வாடையைத்தான் ராத்திரி பூரா இழுக்க வேண்டியிருக்கும். தொட்டியையே மாற்றிவிடுங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் கோட்டுக்கு மேல் ஊற்றியிருப்பீர்கள், அல்லது தண்ணீரோடு மெஷினைச் சாய்த்திருப்பீர்கள். தண்ணீர் மோட்டார் பக்கம் போவதும் இப்படித்தான், அதனால் மெஷினை நகர்த்துவதற்கு முன்னால் தொட்டியைக் கழற்றிவிட வேண்டும்.

காற்று கசிவது வேறு விஷயம். மாஸ்க் சரியாகப் பொருந்தியும் திரையில் லீக் அதிகமாகக் காட்டுகிறது, மூடி ஓரத்தில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வருகிறது என்றால் சிலிக்கோன் வாஷரைப் பாருங்கள். என் தொட்டியில் கழுவி மாட்டும்போது அதன் மெல்லிய விளிம்பு ஒரு மூலையில் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலை ஓட்டினால்தான் தட்டுப்படும். இத்தனை விலை வாங்குகிறவர்கள் ஒரு தடித்த வாஷர் போட்டிருக்கக்கூடாதா?

சரி, முகத்தில் தண்ணீர் தெறிக்கிறதே என்பவர்களுக்கு: அது பெரும்பாலும் ஒழுகல் இல்லை. ஈரக்காற்று குளிர்ந்த ட்யூபில் போகும்போது வியர்த்து நிற்கும் தண்ணீர் அது. ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், ட்யூபுக்கு உறை போடுங்கள், மெஷினைத் தலைமாட்டை விடத் தாழ்வாக வையுங்கள். சூடாகும் ட்யூப் கிடைத்தால் இன்னும் நல்லது.

பராமரிப்பில் முக்கால்வாசி எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் தகடு பளிச்சென்று இருக்கும், குழாய்த் தண்ணீர் என்றால் சீக்கிரமே வெள்ளைப் பொருக்கு தட்டும். கொதிக்கவைத்து ஆற்றினால் போதாதா என்று கேட்பார்கள். கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். பொருக்கு தட்டிவிட்டால் 1 பங்கு வெள்ளை வினிகருக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து நன்றாக அலசுங்கள், கம்பி நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயில் படாமல் காயவைத்தால் போதும். வாசனை எண்ணெய் எதையும் ஊற்றக்கூடாது.

அப்புறம் மெஷினை ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் இந்த ஓசோன் க்ளீனர்கள். என் ஓட்டு இல்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-லேயே ஓசோன், புற ஊதாக் கருவிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது, ஓசோன் மிச்சம் தங்கினால் நுரையீரலுக்குத்தான் கெடுதல்.

தொட்டியை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது கம்பெனிகளின் வழக்கம். விரிசல், நிறம் மங்கல், இறுகிப்போன வாஷர் எதுவும் இல்லாவிட்டால் நான் அவசரப்படுவதில்லை. மாற்றும்போது மாடல் எண்ணைச் சரிபார்த்து ஒரிஜினலே வாங்குங்கள். மலிவாகக் கிடைத்த ஒரு மாற்றுத் தொட்டியைப் போட்டுப் பார்த்தேன், மூடி ‘க்ளிக்’ என்று விழுந்தது, காற்று கசிவது மட்டும் நிற்கவே இல்லை.