பெயர்ப் பட்டியல் வந்தால் ஓடிவிடும் ஒலி வேதாகமம்: ஒரு விமர்சனம்

தமிழ் வேதாகமத்தை முழுவதும் வாசித்துக் கேட்கவைக்கும் கைபேசிச் செயலி ஒன்றைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். செயலியின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் பெரிய குறை இது ஒன்றில் மட்டும் இருப்பதில்லை, ஒரு வருட வாசிப்புத் திட்டம் தருகிற பல இடங்களில் இதே பழக்கம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் குரல் அருமை, வசதிகள் போதும், ஆனால் பெயர்ப் பட்டியல்களை இவர்கள் நடத்தும் விதம் மோசம். வேதாகமத்தை விற்கிற, பரப்புகிற யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்று நினைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய மொழிபெயர்ப்பையே எடுத்திருக்கிறார்கள், அதன் ஓசை காதில் விழுந்தாலே தனி. ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல், இரண்டில் எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். வாசிக்கப்படும் வசனம் திரையில் நிறம் மாறி நகர்கிறது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இணையம் இல்லாமலும் ஓடுகிறது. சங்கீதமும் யோபுவும் ஏசாயாவும் இந்தப் பெண் குரலில் கேட்டால் பாதியில் நிறுத்த மனம் வராது.

சரி, குறைக்கு வருகிறேன். செயலியில் உள்ள ஒரு வருடத் திட்டம் எண்ணாகமம் 26-ஐத் தாண்டிப் போகிறது. 1 நாளாகமம் முதல் ஒன்பது அதிகாரங்களுக்கும் "விரும்பினால் கேட்கலாம்" என்று போட்டுவிட்டு நேராகச் சவுலின் மரணத்தில், அதாவது 10-ம் அதிகாரத்தில் தொடங்குகிறது. எஸ்றா 2, நெகேமியா 7 இரண்டும் இல்லை. மத்தேயு 1 பதினெட்டாம் வசனத்தில் ஆரம்பிக்கிறது. ரோமர் 15 முடிந்தவுடன் 16-ன் பதினேழாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், கேட்காத அந்த அதிகாரங்களுக்கும் முடித்த அடையாளம் தானாக விழுந்துவிடுகிறது. வருடக் கடைசியில் "முழு வேதாகமத்தையும் முடித்துவிட்டீர்கள்" என்று வாழ்த்துச் சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஏன் இப்படி என்று எழுதிக் கேட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது: அந்த அதிகாரங்களில்தான் பலர் கேட்பதை விட்டுவிடுகிறார்களாம், ஆட்களைத் தக்கவைக்கத்தான் இந்த ஏற்பாடாம். அவர்களுடைய கவலை புரிகிறது. ஆனால் மக்கள் விட்டுவிடுவது பட்டியலாலா, பட்டியலை வாசித்த விதத்தாலா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க இதே செயலியிலேயே வழி இருக்கிறது, ஏனென்றால் சில பட்டியல்களை இதே குரல்கள் மிக நன்றாகவும் வாசித்திருக்கின்றன.

ஆதியாகமம் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரல். ஆதாம் 930 வருஷம், அவன் மரித்தான். சேத் 912 வருஷம், அவன் மரித்தான். ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத் என்று ஒவ்வொருவருக்கும் வயது வேறு, முடிவு மட்டும் ஒன்று. வாசிப்பவர் அந்த "அவன் மரித்தான்" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரலைச் சற்றே இறக்குகிறார், அவ்வளவுதான் செய்கிறார். நாலைந்து தடவை கேட்ட பிறகு காது தானாகவே அதை எதிர்பார்க்க ஆரம்பிக்கிறது. அப்புறம் ஏனோக்கு வருகிறான். 365 வருஷம் சொல்லியாயிற்று, குரல் இறங்கவேண்டிய இடம், ஆனால் அங்கே மரணம் இல்லை, தேவன் அவனை எடுத்துக்கொண்டார். பட்டியலாக இல்லாவிட்டால் இந்த இடத்துக்கு இந்த வலு கிடைத்திருக்காது. ஏனோக்கின் கதையை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் இது வராது.

அடுத்து எண்ணாகமம் 26. திட்டத்தில் இல்லாத அதிகாரம் என்பதால் தேடிப்போய்த்தான் கேட்கவேண்டும். வனாந்தரத்தில் வளர்ந்த புதிய தலைமுறையை எண்ணுகிறார்கள், கோத்திரம் கோத்திரமாக, குடும்பம் குடும்பமாக. ஏறக்குறைய எல்லாம் ஆண்களின் பெயர்கள். மனாசே கோத்திரத்துக்கு வரும்போது செலொப்பியாத் என்பவனுக்குக் குமாரர் இல்லை, குமாரத்திகள் மட்டுமே என்று சொல்லி அவர்கள் பெயரையும் எழுதுகிறது: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். இந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் தேசத்தைப் பங்கிடவேண்டும் என்று அதே அதிகாரத்தில் கட்டளை வருகிறது. பட்டியலில் மகன் இல்லை என்றால் நிலமும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் அந்த ஐந்து பெண்களும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை முழுவதற்கும் முன்பாக வந்து நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததால் அவர் பெயர் ஏன் அற்றுப்போகவேண்டும், எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்கிறார், சட்டம் மாறுகிறது. செயலியின் திட்டப்படி கேட்டால் 26 இல்லாமல் 27 வருகிறது. எங்கிருந்தோ ஐந்து பெண்கள் வந்து நிற்கிறார்கள், எதற்காக இப்போது, எந்தக் கணக்கில் விடுபட்டார்கள் என்று ஒன்றும் விளங்காது. பட்டியலை வெட்டினால் கதையும் சேர்ந்து வெட்டுப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இஸ்ரவேலின் பழைய தலைநகரான சமாரியாவில் 1910-ல் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் திராட்சரசமும் எண்ணெயும் வந்த கணக்கு மையால் எழுதப்பட்டிருக்கிறது, கி.மு. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தச் சரக்குகள் எந்தப் பகுதியிலிருந்து வந்தன என்று குறித்த பெயர்களில் ஒக்லாளும் நோவாளும் இருக்கின்றன. நாம் தள்ளிவிட்டுப் போகும் பட்டியலில் உள்ள பெயர்கள் ஒரு காலத்தில் அந்த மண்ணின் பெயர்களாகவே இருந்திருக்கின்றன.

இந்தச் செயலியில் நான் அதிகம் கேட்டது நெகேமியா 3. எப்படியோ திட்டத்திலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. எருசலேமின் இடிந்த மதிலை யார் யார் எந்தப் பகுதியில் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. பெண் குரல் இதை நிதானமாக, நடந்துகொண்டே காட்டுவதுபோல வாசிக்கிறது. பிரதான ஆசாரியன் எலியாசீப் ஆட்டுவாசலில் தொடங்குகிறான். அவன் அருகே எரிகோவின் மனுஷர். அப்புறம் தட்டாரில் ஒருவன், அவன் அருகே தைலக்காரரில் ஒருவனான அனனியா. நறுமணத் தைலம் செய்கிறவன் கல் தூக்குகிறான், அந்த ஒரு வரியில் அவன் கையைப் பார்க்க முடிகிறது. எருசலேமில் பாதிக்குப் பிரபுவான சல்லூம் தன் குமாரத்திகளோடு வந்து கட்டுகிறான். குப்பைமேட்டு வாசலும் யாரோ செய்யவேண்டிய வேலைதானே, அதைச் செய்தவனும் ஒரு மாகாணத்துப் பிரபு, பெயர் மல்கியா. தெக்கோவா ஊரார் கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. அந்தப் பிரபுக்களின் பெயர் எழுதப்படவில்லை. கொஞ்சம் தள்ளி, இருபத்தேழாம் வசனத்தில், அதே தெக்கோவா ஊரார் இன்னொரு பங்கையும் கட்டினார்கள் என்று வருகிறது. வாசிப்பவர் அங்கே எதையும் அழுத்திச் சொல்லவில்லை. தேவையுமில்லை, முன்னால் கேட்டவருக்கு அது தானாக உறைக்கும். மதில் 52 நாளில் முடிந்தது என்பதை மட்டும் நெகேமியா சொல்லியிருந்தால் அது ஒரு தலைவனின் சாதனையாகப் போயிருக்கும்.

இதே ஆட்கள் 2 சாமுவேல் 23-ஐ வாசித்த விதம்தான் வருத்தம் தருகிறது. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல். யோவாபின் தம்பி அசாயேலில் தொடங்கும் அந்த நீண்ட வரிசையை எப்போது முடியும் என்ற அவசரத்தில் வாசிக்கிறார்கள், பின்னணி இசை வேறு மேலே ஏறிவருகிறது. பட்டியலில் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. யாருடைய மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டானோ, யாரைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தானோ, அவன். தாவீதின் வீரர்களைப் புகழ்ந்து எழுதிய பட்டியல் அந்தப் பெயரில் வந்து முடிகிறது, கூட ஒரு சொல் விளக்கம் கிடையாது. இதற்குப் பன்னிரண்டு அதிகாரம் முன்னால் நடந்தது தெரிந்தவருக்கு இங்கே நெஞ்சு ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். செயலியில் அந்தப் பெயர் இசையில் மூழ்கிப்போகிறது.

அப்புறம் அதே உரியா மத்தேயு 1-ல் திரும்ப வருகிறான். இயேசுவின் வம்ச வரலாற்றில் தாமார், ராகாப், ரூத் என்று பெண்களைப் பெயர் சொல்லி எழுதிவரும் மத்தேயு, சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று எழுதவில்லை, உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதுகிறார். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்தக் கணக்கு மூடப்படவில்லை. பதினான்கு பதினான்காக மூன்று பகுதி வரவேண்டும் என்பதற்காக அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களையே விட்டுவிட்ட மனிதர், உரியாவை விடவில்லை. ஆக இது பதிவேட்டிலிருந்து அப்படியே பிரதி எடுத்தது இல்லை, ஒவ்வொரு பெயரும் யோசித்து வைத்தது. பதினெட்டாம் வசனத்தில் தொடங்கும் திட்டத்தில் இது எதுவும் காதில் விழாது. புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தையே கிழித்துவிட்டுத் தருகிறார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை யாருக்காக எழுதினார்கள் என்று பார்க்கவேண்டும். நகரம் எரிந்து, ஆலயம் இடிந்து, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய், தலைமுறை கடந்து திரும்பிவந்த ஜனங்கள். நாங்கள் இன்னும் அதே ஜனங்கள்தானா என்பது அவர்களுடைய கேள்வி. அதற்குப் பதிலாக ஆதாம், சேத், ஏனோஸ் என்று மூன்று பெயரில் ஆரம்பித்து அவர்கள் காலம்வரை இழுத்துக்கொண்டு வருகிறது புத்தகம். சிறைப்பட்டுப் போன ராஜா எகொனியாவின் பிள்ளைகளையும் 3-ம் அதிகாரம் எழுதிவைக்கிறது. பாபிலோனிலேயே தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் இந்த யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய்ப்படி அளந்த கணக்கு இருக்கிறது, 1939-ல் வெளியிட்டார்கள். அரண்மனைக் கணக்கனுக்கு அவர்கள் எண்ணெய் வாங்கிப்போகும் கைதிகள், நாளாகமத்துக்கு அவர்கள் வம்சம்.

எஸ்றா 2-ல் இதன் மறுபக்கம் இருக்கிறது. திரும்பிவந்தவர்கள் 42,360 பேர், கழுதைகளைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார்கள், 6,720. நடுவில் சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். ஏதாவது ஓர் ஆவணத்தில் தன் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட யாருக்கும் அந்த இரண்டு மூன்று வசனங்களின் வலி புரியும். அவர்களுடைய பெயரும் பட்டியலில் இருக்கிறது, தேடியும் கிடைக்காதவர்கள் என்ற குறிப்போடு. இதே பட்டியல் நெகேமியா 7-ல் மறுபடி வரும்போது சில எண்கள் மாறுகின்றன. ஆராகின் புத்திரர் எஸ்றாவில் 775, நெகேமியாவில் 652. இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறார்கள், யாரும் உட்கார்ந்து திருத்தவில்லை. எனக்கு அது நம்பிக்கையைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

ரோமர் 16-ஐக் கட்டாயம் பெண் குரலில் கேளுங்கள். ரோமாபுரியில் இருந்தவர்களுக்குப் பவுல் எழுதின நிருபத்தின், அதாவது கடிதத்தின், முடிவில் வரும் வாழ்த்துப் பட்டியல் அது. கெங்கிரேயா சபையின் பெபேயாள், உயிரைக் கொடுக்கத் துணிந்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், பவுலோடு காவலில் கிடந்த அன்றோனீக்கும் யூனியாவும், தனக்கும் தாய்தான் என்று பவுல் சொல்கிற ரூபுவின் தாய். நிருபத்தைக் கையால் எழுதின தெர்தியு ஒரே ஒரு வரியில் தானும் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறான். இவ்வளவு பெரிய நிருபத்தில் அவனுக்குச் சொந்தமான வரி அது ஒன்றுதான், திட்டத்தில் அது போகிற போக்கில் வந்துவிடுகிறது, ஆனால் அதிகாரத்தின் முதல் பதினாறு வசனங்களும் இல்லை.

சில்லறைக் குறைகள்: தேடல் வசதி பெயர்களுக்கு உதவாது, ரூத்தில் வரும் சல்மோனைத் தேடினால் நாளாகமத்தில் சல்மா என்று வரும் அதே ஆள் கிடைக்கமாட்டான். பின்னணி இசையை நிறுத்த அமைப்புகளுக்குள் ஆழமாகப் போகவேண்டியிருக்கிறது. ஆண் குரல் சில பெயர்களை ஓர் அதிகாரத்தில் ஒருவிதமாகவும் அடுத்ததில் வேறுவிதமாகவும் உச்சரிக்கிறது.

வாங்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் அதன் வருடத் திட்டத்தைத் தொடவேண்டாம், புத்தக வரிசையிலேயே கேளுங்கள். பட்டியல் அதிகாரங்களுக்கு இசையை நிறுத்திவிட்டு, வேகத்தை ஒரு படி குறைத்து, திரையில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டால் நன்றாகத் தொடரமுடிகிறது. முதல்முறை கேட்பவர்கள் நெகேமியா 3-ல் ஆரம்பித்து ரோமர் 16-க்குப் போகலாம், நாளாகமத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். செய்தவர்கள் இதைப் படித்தால், அடுத்த பதிப்பில் அந்த "விரும்பினால்" என்ற குறிப்பை எடுத்துவிட்டு, 2 சாமுவேல் 23-ஐ மட்டுமாவது இசையில்லாமல் மறுபடி பதிவு செய்யுங்கள்.