இன்சுலின் வாங்கும்போது பெட்டியில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள்: குடியாத்தத்தில் எங்கள் அம்மாவுக்கு நடந்தது

வீட்டில் யாராவது இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகக் காட்பாடியிலிருந்து அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் எப்படி இருக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும், தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குத்தான் அம்மாவின் இன்சுலின் தீர்ந்துபோனது. வழக்கமாக வாங்கும் மெடிக்கல் பூட்டியிருந்ததால் வேறு ஒரு கடைக்குப் போனேன். அம்மாவுக்கு ஆறு வருஷமாக 30/70 கலவை இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), காலையில் 20 யூனிட், ராத்திரி 12 யூனிட். சீட்டில் மருந்தின் வீரியம் 40 என்று டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறார். கடைப்பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "அந்த பாட்டில் இல்லக்கா, இதுவும் அதே மருந்துதான்" என்று இன்சுலின் பேனாவில் (பேனா மாதிரி இருக்கும் ஊசிக் கருவி) போடுகிற சின்னக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். எங்களிடம் பேனா இல்லையே என்றேன். "சிரிஞ்சில இழுத்துப் போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்று சொல்லி, சிவப்பு மூடி சிரிஞ்ச் இரண்டையும் அவனே எடுத்துப் பையில் போட்டான். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் விலையை மட்டும் எழுதிக் கொடுத்தான். கூட்டத்தில் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஊசிக்கு அதிலிருந்துதான் சிரிஞ்சில் 12-ஆம் கோடு வரைக்கும் இழுத்துப் போட்டோம். நடுராத்திரி இரண்டு மணி இருக்கும். அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஜாக்கெட் முழுக்க வேர்வையில் நனைந்திருக்கிறது, விரல்கள் இரண்டும் மடியில் இலையைச் சுருட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கின்றன. அம்மா பீடி சுற்றுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. "கட்டு எண்ணிட்டியா பாப்பா, ஆள் வந்துடுவான்" என்கிறாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மெஷினில் பார்த்தால் சர்க்கரை 41. விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 66, அப்புறம் இன்னொரு டம்ளர் கொடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் ராத்திரி வரைக்கும் விடவில்லை. இந்தக் கலவை இன்சுலின் உடம்பில் ஒரு நாள் வரைக்கும் வேலை செய்யுமாம், ஏறின சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்றார்கள்.

டியூட்டி டாக்டர் அந்தக் குழாயையும் சிரிஞ்சையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. நாம் வாங்கும் பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாக் குழாயில் ஒரு மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்சில் உள்ள கோடுகள் 40-க்காக அளந்து போட்டவை. 12-ஆம் கோடு வரைக்கும் இழுத்தால் 0.3 மில்லி. 40 மருந்தாக இருந்தால் அது 12 யூனிட், 100 மருந்தாக இருந்தால் 30 யூனிட். இரண்டரை மடங்கு! காலையில் 20 போட்டிருந்தால் 50 யூனிட் உள்ளே போயிருக்கும், அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 100-க்கான சிரிஞ்சுக்கு மூடி ஆரஞ்சு நிறம். அதில் 40 மருந்தை இழுத்தால் கதை தலைகீழ், 12 என்று நினைத்து ஐந்து யூனிட்டுக்கும் குறைவாகத்தான் போகும், வேளை தவறாமல் ஊசி போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டில்தான் கோளாறு என்று ஊசி போட்டுக்கொள்கிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்போம். வெளிநாடுகள் பலவற்றில் மனிதர்களுக்குப் பெரும்பாலும் 100தான், இங்கே இரண்டும் ஒரே ஃபிரிட்ஜில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் பெட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள். பேனாக் குழாயைப் பேனாவில் மட்டும்தான் போட வேண்டும், சிரிஞ்சில் இழுக்கவே கூடாது. இன்னொன்று, சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், உடனே 108.

அந்தக் கடைக்கு மறுபடி போனேன். சுவரில் மருந்தாளுநர் சான்றிதழ் மாட்டியிருக்கிறது, ஆளைக் காணோம். முதலாளி, "படிச்ச பொண்ணு, நீதாம்மா பார்த்து வாங்கணும்" என்றார். எண்ணைப் பார்த்துக் கொடுப்பதற்குத்தானே ஐயா அங்கே படித்த ஆள் இருக்க வேண்டும்? அப்புறம் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். நான் வாங்கவில்லை. சீட்டில் எழுதியது கடையில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், நான் வேலூர் வரைக்கும் போயாவது வாங்கி வந்திருப்பேன்.

அம்மா இப்போது பரவாயில்லை. ஆனால் ஊசி எடுக்கும்போதெல்லாம் பெட்டியை என் பக்கம் நீட்டி, "நாற்பதுதானே பாப்பா?" என்று கேட்கிறாள், நான் இல்லாத நாளில் போனில் கேட்கிறாள். குழாய், சிரிஞ்ச், துண்டுச் சீட்டு மூன்றையும் ஒரு கவரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது, என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.