காஷ்மீர் ஏரிகள் மலைநடை: மகளோடு போய் வந்த எட்டு நாள்

எனக்கு வயது 52. போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, முழங்கால் தாங்குமா என்றுதான். தாங்கும். ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம். கடைசி நாள் இறக்கத்துக்குத்தான் தயாராகப் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சோனாமர்க் பக்கத்தில் ஷிட்கடியில் நடக்க ஆரம்பித்து, நிச்னாய், விஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் வழியாக நாரநாகில் இறங்குகிற பாதை இது. மொத்தம் 70 கிலோமீட்டருக்கு மேல். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரைதான் சரியான காலம். நானும் மகளும் ஈரோட்டிலிருந்து ஆகஸ்டில் போனோம். ஸ்ரீநகர்க்காரர்கள் நடத்தும் ஒரு சின்னக் குழு எல்லா ஏற்பாடும் செய்தது. டென்ட், சாப்பாடு, வழிகாட்டி, சுமை தூக்கும் மட்டக்குதிரை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 17,000 ரூபாய். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை என்றுதான் சொல்வேன், இரண்டு விஷயங்களைத் தவிர.

ஒன்று, முதல் நாள் ராத்திரி கொடுத்த ஸ்லீப்பிங் பேக். கால் பக்கம் ஈரம் காயாமல் இருந்தது. முந்தைய குழு திரும்பியதும் அப்படியே சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள். நிச்னாயில் இரவு குளிர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. சொன்னதும் சமையல்காரர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு இரண்டு கம்பளியோடு சமையல் டென்டில் படுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், சரி. ஆனால் அது அவர் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லையே. நீங்கள் போனால் மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றும் முன்பே பேக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

இந்தக் குழுவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது வழிகாட்டிக்காகத்தான். முப்பது வயது இருக்கும். தினமும் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். விஷன்சரில் ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுத்தார். ஏரிக்கரையில் உட்கார்ந்து ட்ரவுட் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் மேலே கிஷன்சர் வரை மெதுவாக நடந்து போய் வந்தோம். கிஷன்கங்கா ஆறு இந்தப் பக்கத்து ஏரிகளில்தான் பிறக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதற்கே நீலம் என்று பெயர். உடம்பு உயரத்துக்குப் பழக அந்த ஒரு நாள் அவசியம். அதை மிச்சம் பிடித்து ஆறு நாளில் முடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள்.

மறுநாள் கட்சர் கணவாய். கிட்டத்தட்ட 4,200 மீட்டர், இந்தப் பாதையிலேயே உயரமான இடம். அஞ்சரைக்கே நடக்க வைத்துவிட்டார். கிஷன்சருக்கு மேலே ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பாதம் வைக்கும் அகலம்தான். இடது காலுக்குக் கீழே சரளைக்கல் நழுவி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். "ஆராம் ஸே, அங்கிள்" (மெதுவாக வாங்க) என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. பாதிக்கு மேல் போனதும் மகள், "அப்பா, திரும்பிப் பாருங்க" என்றாள். கீழே கிஷன்சர் கரும்பச்சையாக, அதற்கும் கீழே விஷன்சர் நீலமாக, இரண்டு ஏரியும் ஒரே பார்வையில். ஒரு மேகத்தின் நிழல் ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குப் போவதைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கெல்லாம் உச்சியில் இருந்தோம். பதினொன்றுக்கு மேகம் இறங்கிவிட்டது. பின்னால் ஏழு மணிக்குக் கிளம்பி வந்த வேறொரு கூட்டம் மழையில் அந்தச் சரளையில் ஏறியதைச் சாயங்காலம் அவர்களே சொன்னார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் இறக்கம் முழுக்கப் பூ. கட்சர் ஏரியில் ஆகஸ்டிலும் பனிக்கட்டி மிதந்தது. தாண்டினால் ராணுவச் சாவடி; ஆதார் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அசலும் ஒரு நகலும். வழியில் போனும் எடுக்காது. ஸ்ரீநகரிலேயேகூட வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது.

சாப்பாடு சைவம். ராஜ்மா, சோறு, முட்டைக்கோஸ், சப்பாத்தி. சுடச்சுடக் கொடுத்தார்கள். ரசம் இல்லாமல் எட்டு நாள் கஷ்டம்தான், அதனால் நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடியை எல்லாரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சத்சர் போகும் வழியில் ஒரு பக்கர்வால் குடும்பம், ஆடு மேய்ப்பவர்கள், உள்ளே கூப்பிட்டு உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர் கொடுத்தார்கள். முதல் வாய் என்னவோ போல இருந்தது. அந்தக் குளிருக்கு இரண்டாவது கோப்பையை நானே கேட்டேன்.

இரண்டாவது குறை, ஆள் எண்ணிக்கை. பன்னிரண்டு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுப் பேரைச் சேர்த்திருந்தார்கள். சத்சர் தாண்டியதும் பெரும்பாறைகள் மேல் கால் வைத்துத் தாண்டிப் போகும் பகுதி வருகிறது. அங்கே பதினெட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டியும் ஒரு உதவியாளரும் போதாது. ஈரப்பாறையில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி, மீதி வழி மட்டக்குதிரையில்தான் வந்தார்.

ஸஜ் கணவாயிலிருந்து கங்காபல், நந்த்கோல் ஏரிகள் இரண்டும் தெரியும். பின்னால் ஹர்முக் சிகரம், 5,142 மீட்டர். காஷ்மீரப் பண்டிதர்களுக்குக் கங்காபல் புனிதத் தீர்த்தம். தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். அங்கே ஒரு இரவுதான் தங்கினோம், இன்னும் ஒரு இரவு கேட்டு வாங்கியிருக்கலாம்.

அப்புறம் அந்த இறக்கம். கங்காபலிலிருந்து நாரநாகுக்கு ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பைன் காட்டுக்குள் கடைசி இரண்டு மணி நேரம் வேரும் தூசியுமாகச் செங்குத்தாகப் போகிறது. என்னிடம் இருந்தது ஒரே ஊன்றுகோல். பாதி வழியில் வழிகாட்டி தன்னுடையதையும் என் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் காலை மடக்கி இறங்க முடிந்தது. கீழே நாரநாகின் பழைய கற்கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த கல்லில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்லீப்பிங் பேக்கையும் ஆள் எண்ணிக்கையையும் குழுவுக்கு எழுதிப் போட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, இனி பதினான்குக்கு மேல் சேர்ப்பதில்லை என்று. அடுத்த ஆகஸ்டுக்கு என் தங்கையும் மாப்பிள்ளையும் அதே வழிகாட்டி வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்கச் சொல்லிவிட்டேன்.