வாசலிலேயே மறுப்பதா, வாங்கிக்கொண்டு திருப்புவதா? சேராத மின்னஞ்சலும் டிஎன்எஸ் பதிவுகளும்

இல்லாத முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வரும்போது, பெறும் சர்வர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பெறுநரின் பெயர் சொல்லப்பட்ட கணமே 550 என்ற எண்ணுடன் மறுத்துவிடலாம். அல்லது 250 என்று சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு தன் பயனர் பட்டியலைப் பார்த்து, அனுப்புநருக்கு பவுன்ஸ் மடல் (சேரவில்லை என்று சொல்லும் அறிவிப்பு) எழுதலாம். 1998இல் வெளிவந்த க்யூமெயில் 1.03 என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் இரண்டாவது வழியில் செல்கிறது. அதன் வாங்கும் பகுதி, முகவரியில் @ குறிக்குப் பின்வரும் டொமைன் தன்னுடையதா என்பதை மட்டுமே பார்க்கிறது. பயனர் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. பாதுகாப்புக்காக வேலைகளைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்த வடிவமைப்பின் விளைவு இது; அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்பேம் மடல்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது என்பதால், அந்த பவுன்ஸ்கள் எதையுமே அனுப்பாத மூன்றாம் நபரின் பெட்டியில் போய்க் குவிகின்றன. இன்னோர் அஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் தன் உள்ளூர்ப் பயனர் பட்டியலில் இல்லாதவரை வாசலிலேயே மறுக்கிறது. அதுவே சரியென்பது என் உறுதியான கருத்து: மறுக்கப்பட்டதை அனுப்புநருக்குச் சொல்லும் பொறுப்பு, மடலைக் கொண்டுவந்த சர்வரிடமே தங்கிவிடுகிறது. ஒரு டொமைனின் அஞ்சலை எந்தச் சர்வர் வாங்கும் என்று காட்டுவது எம்எக்ஸ் பதிவு; அது டிஎன்எஸ் எனும் இணையப் பெயர்-முகவரி அடைவில் இருக்கிறது. முதன்மைச் சர்வருக்கு மாற்றாக, பயனர் பட்டியல் இல்லாத இரண்டாம் நிலை எம்எக்ஸ் சர்வரை வைத்திருப்பவர்கள், முதன்மைச் சர்வரை எவ்வளவு கவனமாக அமைத்திருந்தாலும், இந்தப் பலனை இழந்துவிடுகிறார்கள்: அந்த மாற்றுச் சர்வர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு பவுன்ஸ் எழுத வேண்டியதாகிறது.

அனுப்பும் பக்கத்தில் சிக்கல் வேறு வகையானது. எம்எக்ஸ் பதிவே இல்லாத டொமைனுக்கு மடல் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். மின்னஞ்சல் பரிமாற்ற விதிகளைச் சொல்லும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321இன்படி, எம்எக்ஸ் இல்லையென்றால் அந்த டொமைனின் சொந்த ஐபி முகவரியையே முயன்று பார்க்க வேண்டும். இணையதளம் மட்டுமே நடத்தும் டொமைன்களுக்கு இது தொல்லை: அங்கே அஞ்சல் சர்வர் இல்லாததால், மடல் நாள்கணக்கில் வரிசையில் காத்துக் கிடக்கிறது. இதற்குத் தீர்வாக 2015இல் ஆர்எஃப்சி 7505 வந்தது. எம்எக்ஸ் பதிவில் வெறும் புள்ளியை இட்டு, முன்னுரிமையை 0 என்று வைத்தால், "இங்கே அஞ்சல் ஏற்பதில்லை" என்று பொருள். அனுப்பும் சர்வர் உடனே கைவிட்டு, காரணத்தையும் தெரிவிக்கிறது. எம்எக்ஸைக் காலியாக விடுவதையும் இந்தப் புள்ளிப் பதிவையும் ஒப்பிட்டால், பின்னதே நேர்மையான அறிவிப்பு.

எம்எக்ஸ் இருந்து, அது காட்டும் பெயருக்கு ஐபி முகவரி இல்லையென்றால், டொமைனின் சொந்த முகவரிக்குத் தாவக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸ் முன்பு அத்தகைய மடலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயன்றது. இப்போது இயல்பாகவே திருப்பி அனுப்புகிறது. வேண்டுமானால் பழைய நடத்தைக்கு மாற்றிக்கொள்ளலாம். டொமைன் இடம்பெயரும் வேளையில் நிகழும் சிறு தவறு சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்பதால், இங்கே மட்டும் பழைய பொறுமையை நான் விரும்புகிறேன். மற்றபடி, டிஎன்எஸ் "அப்படியொரு பெயரே இல்லை" என்றால் அது நிரந்தரப் பிழை. பதிலே வராவிட்டாலோ, டிஎன்எஸ் சர்வர் தடுமாறினாலோ அது தற்காலிகப் பிழை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதும் அமைப்பு, தட்டச்சுப் பிழைக்கு அனுப்புநரைப் பல நாள் காக்க வைக்கும், அல்லது ஒரு நிமிடக் கோளாறுக்காக நல்ல மடலைத் திருப்பிவிடும்.

காத்திருக்கும் காலத்திலும் வேறுபாடு உண்டு. குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5321. போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாளும், க்யூமெயில் 7 நாளும் முயல்கின்றன. எக்சிம் என்ற மற்றோர் அஞ்சல் மென்பொருளின் இயல்பு அமைப்பு, முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முயன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி, 4 நாளில் கைவிடுகிறது. ஆனால் கைவிடும் நாளைவிட, தாமதத்தை அனுப்புநர் எப்போது அறிகிறார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த எச்சரிக்கை போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதை 4 மணி நேரமாக வைத்தால், மறுநாளே தேவைப்படும் கடிதத்தை எழுதியவர் அன்றைக்கே வேறு வழி தேட முடியும்.